இருபது யூரோவில் ஆகாயப் பிரயாணம்

பாரிஸ் நகரத்திலிருந்து புடாபெஸ்ட் நகரத்துக்கு ஆகாய விமானத்தில் செல்ல 20 யூரோ போதும் என்று யாராவது சொன்னால், நம்மவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். யூரோ ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாயிரம் ரூபாய்தான் ஆகிறது. நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம் வந்தால் மொய் எழுதுகிற தொகை அது. அந்தத் தொகைக்கு ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர் தூரம் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய் விடுகிறார்கள் என்றால், இதில் ஏதோ சூது இருக்க வேண்டும் என்றே தோன்றும். எங்கள் தமையனார் முப்பத்தைந்து வருஷம் பாங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த விலையைக் கண்டதும் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "மீதிப் பணத்தை எங்கே வாங்குகிறான் என்று பார்" என்றார்.

மீதிப் பணம் வாங்கப்படும் இடங்கள் பல. அவற்றைப் பற்றியும், அவற்றைத் தாண்டி நாங்கள் நால்வர் 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் பாரிஸில் தொடங்கி ரோமாபுரியில் முடித்த யாத்திரையைப் பற்றியும் எழுதுவது, இத்தகைய பிரயாணத்தை மனத்தில் வைத்துச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு உபயோகப்படலாம். நால்வர் என்றால் நாங்கள் இருவர், தமையனார், அண்ணியார். நாங்கள் இருவரும் பள்ளி உபாத்தியாயர்கள். பரீட்சை முடிந்து பள்ளி மூடியிருக்கும் மே மாதமே எங்களுக்கு வாய்த்த காலம். இது ஒருவகையில் அதிர்ஷ்டந்தான். ஐரோப்பியர்கள் கூட்டங் கூட்டமாக ஊர் சுற்றக் கிளம்புவது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரையில். அப்போது கட்டணங்கள் எல்லாம் ஆகாயத்தைத் தொடும். மே முதல் வாரத்தில் அவை இன்னும் தரையிலேதான் இருக்கும். வெயிலும் குளிரும் நம்மவர்கள் தாங்கக்கூடிய அளவில் இருக்கும்.

முதலில் அனுமதிச் சீட்டு, அதாவது விஸா. லக்ஸம்பர்க் என்னும் சிறிய நாட்டில் மோஸெல் நதிக்கரையில் ஷெங்கன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1985-ஆம் வருஷம் ஜூன் 14-ந் தேதி அங்கே ஒரு கப்பலின் மேல் ஐந்து தேசத்தார் கூடி, தங்களுக்குள் எல்லைச் சாவடிகளை எடுத்துவிடுவது என்று கையெழுத்திட்டார்கள். இன்று 29 தேசங்கள் அந்த உடன்படிக்கைக்குள் இருக்கின்றன. ஒரே விஸாவில் அத்தனையிலும் போகலாம். இங்கிலாந்து இதில் என்றுமே சேரவில்லை. ஆகையால் நடுவில் லண்டனுக்கு எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் அதற்குத் தனி விஸாவும், திரும்ப உள்ளே வருவதற்கு இரண்டாம் முறை நுழையும் உரிமையும் வாங்கியாக வேண்டும். எந்தத் தேசத்தில் அதிக இரவுகள் தங்குகிறோமோ அந்தத் தேசத்தாரிடம் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. எங்களுக்கு இத்தாலியில் எட்டு இரவுகள். ஆகையால், இறங்குவது பாரிஸ் ஆனாலும் மனு இத்தாலிக்கு. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. இதைத் தவிர, 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியக் காப்பீடு, ஆறு மாத பாங்கிக் கணக்கு, பள்ளியிலிருந்து லீவு கொடுத்ததற்கான கடிதம் எல்லாம் கேட்பார்கள்.

இங்கேதான் நடுத்தரக் குடும்பத்தாருக்கு உண்மையான சங்கடம். விஸா மனுவோடு போக வர டிக்கட் ஏற்பாட்டையும் காட்ட வேண்டும். ஆனால் விஸா கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு சொல்வார்கள். 45 நாள் வரையிலும் நீட்ட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதுவரை டிக்கட் வாங்காமல் காத்திருந்தால் விலை ஏறிவிடும். வாங்கிவிட்டு விஸா மறுக்கப்பட்டால் இரண்டரை லட்சம் ரூபாய் கடலில் கொட்டியது போல. நாலு பேரின் நான்கு வருஷச் சேமிப்பு அது. நாங்கள் செய்தது என்னவென்றால், ஜனவரியில், தலைக்கு 3,500 ரூபாய் அதிகம் கொடுத்து, ரத்துச் செய்தால் பிடித்தம் போகப் பணம் திரும்பும் வகை டிக்கட்டை வாங்கினோம். தமையனாருக்கு அந்த 14,000 ரூபாய் மிகவும் உறுத்தியது. ஆனால் விஸா வரும் வரையில் எல்லோரும் இரவில் தூங்கினோம். பிரயாணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே மனுச் செய்யலாம் என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம். சீக்கிரம் மனுச் செய்பவர்களுக்கு இந்தச் சங்கடத்தில் பாதி குறையும்.

நிற்க. டிக்கட் வாங்குவதில் இரண்டு சூட்சுமங்கள் உண்டு. முதலாவது, இறங்கிய ஊரிலேயே திரும்ப ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சென்னையிலிருந்து பாரிஸ், ரோமாபுரியிலிருந்து சென்னை என்று ஒரே டிக்கட்டாக வாங்கலாம். இணையத்தில் தேடும்போது 'போக வர' என்பதை விட்டுப் 'பல நகரங்கள்' என்பதைத் தேர்ந்துகொண்டால் போதும். விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. பாரிஸுக்கே திரும்பிப் போய் ஏறுவதென்றால் ஒரு முழு நாளும் நான்கு பேருக்கு ஒரு பிரயாணச் செலவும் வீணாகும். இத்தனைக்குப் பிறகும் அநேகம் பேர் போன ஊருக்கே திரும்பி வந்து ஏறுகிறார்கள். நம் ஊரில் பஸ் ஏறிய பழக்கம்போலும்!

இரண்டாவது சூட்சுமம் சற்று வேடிக்கையானது. விமானத்தில் உள்ள இடங்களை எல்லாம் கம்பெனிகள் ஒரே விலைக்கு விற்பதில்லை. முதல் சில இடங்கள் ஒரு விலை, அவை தீர்ந்தால் அடுத்த சில இடங்கள் அதைவிட உயர்ந்த விலை என்று படிப்படியாக வைத்திருப்பார்கள். தாழ்ந்த படியில் இரண்டே இடம் மிஞ்சியிருக்கும்போது நாலு பேருக்கு என்று கேட்டால், நாலு பேருக்கும் மேல் படியின் விலையையே இயந்திரம் சொல்லும். நாங்கள் நால்வருக்கும் சேர்த்துக் கேட்டபோது தலைக்கு 61,200 ரூபாய் என்று வந்தது. இருவருக்கு மட்டும் என்று கேட்டதும் 56,400 ஆயிற்று. அண்ணியாரையும் தமையனாரையும் 56,400-இல் ஏற்றிவிட்டு, நாங்கள் 61,200 கொடுத்தோம். மிச்சம் 9,600 ரூபாய். (பின்னர் அந்த மிச்சத்தை யாருடைய கணக்கில் வைப்பது என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது.) திரும்பத் திரும்பத் தேடினால் கம்பெனிக்காரன் நம் ஆவலைக் கண்டுகொண்டு விலையை ஏற்றிவிடுவான் என்று பலர் சொல்வதுண்டு. எங்களுக்குத் தெரிந்தவரையில், நாம் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறு யாரோ வாங்கிவிடுவதால் படி ஏறுவதுதான் பெரும்பாலும் நடப்பது.

தமையனார் இன்னொரு யோசனையும் கொண்டுவந்தார். சென்னையிலிருந்து பம்பாய்க்கு ஒரு டிக்கட், பம்பாயிலிருந்து பாரிஸுக்கு வேறு கம்பெனியில் வேறு டிக்கட் என்று தனித்தனியாக வாங்கினால் தலைக்கு 7,000 ரூபாய் மிச்சமாகும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினார். கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரே டிக்கட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதப்பட்டு இரண்டாவது விமானம் தவறினாலும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு கம்பெனியுடையது. தனித்தனி டிக்கட்டில் இரண்டாமவனுக்கு முதலாமவனைத் தெரியாது. டிக்கட் போனால் போனதுதான். "நடு ராத்திரியில் பம்பாயில் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டு நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள், நான் உங்கள் முகத்தைப் பார்ப்பேன், அதற்கு ஏழாயிரம் மிச்சமா?" என்று அண்ணியார் கேட்டதும் காகிதம் மடிக்கப்பட்டது.

ஐரோப்பாவுக்குள் இவ்வளவு மலிவாக விமானங்கள் பறக்கக் காரணம் ஒரு சட்டமாறுதல். முன்பு எந்தத் தேசத்துக் கம்பெனி எந்த ஊருக்கு எத்தனை தடவை பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் சர்க்கார்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்தன. 1993-இல் ஐரோப்பியக் கூட்டத்தார் அந்தக் கட்டுக்களை அவிழ்த்தார்கள். 1997-இலிருந்து ஓர் ஐரோப்பியக் கம்பெனி இன்னொரு தேசத்தின் உள்நாட்டு ஊர்களுக்கிடையிலேகூட விமானம் விடலாம் என்றாயிற்று. 1985-இல் அயர்லாந்தில் ஒரு சின்னஞ்சிறு விமானத்துடன் ஓடத் தொடங்கிய ரையன்ஏர், 1995-இல் லண்டனை அடுத்த லூட்டன் நகரில் பிறந்த ஈஸிஜெட், பிறகு ஹங்கேரியிலிருந்து கிளம்பிய விஸ்ஏர் ஆகியவை இந்தச் சுதந்திரத்தில் வளர்ந்தவை. ஒரே ஜாதி விமானங்களை வைத்துக்கொள்வது, இறங்கிய விமானத்தை அரை மணிக்குள் திரும்பக் கிளப்பிவிடுவது, வாடகை குறைந்த ஒதுக்குப்புற விமான நிலையங்களில் இறங்குவது, சாப்பாடு முதல் ஆசனம் வரை ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைப்பது ஆகியவை இவர்களுடைய வியாபார ரகசியங்கள். ஆகாயத்தில் ஒரு நிமிஷம் கூடுதலாக இருந்தால் பணம். தரையில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் நஷ்டம்.

ஒதுக்குப்புறம் என்று சொன்னோம். எவ்வளவு ஒதுக்குப்புறம் என்பதை டிக்கட் வாங்குமுன் பார்க்க வேண்டும். 'பாரிஸ்–பொவே' என்று பெயர் வைத்திருக்கும் விமான நிலையம் பாரிஸிலிருந்து 85 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. பிராங்க்பர்ட் நகரின் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கும் ஹான் அந்நகரிலிருந்து 120 கிலோமீட்டர். சென்னை விமான நிலையம் என்று சொல்லித் திண்டிவனத்தில் இறக்கிவிடுவது போலத்தான்! இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. படத்தை விரித்துப் பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும். பெயரை மட்டும் படிக்கிறவன் பஸ்ஸுக்குத் தனியாகக் கொடுக்கிறான்.

நாங்கள் பொவே வழியையே தேர்ந்துகொண்டோம். தெரிந்துதான் தேர்ந்துகொண்டோம். தமையனாரின் நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கணக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. 20 யூரோ என்பது விடியற்காலை விமானத்துக்கு. அதைப் பிடிக்க நடு இரவில் எழுந்து டாக்ஸி வைத்துக்கொண்டு போனால் மிச்சமெல்லாம் டாக்ஸிக்காரருக்கு. மத்தியான விமானம் 31 யூரோ. பஸ் 17. இருவருக்கு ஒரு பெட்டி வீதம் ஏற்றினால் தலைக்குப் பெட்டிக் கூலி 16. ஆக 64. நகரத்துக்கு அருகேயுள்ள பெரிய விமான நிலையத்திலிருந்து, பெட்டியும் சேர்ந்து, அன்று கிடைத்த டிக்கட் 95. வித்தியாசம் 31; நால்வருக்கு 124 யூரோ, ஏறக்குறைய 12,000 ரூபாய். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருக்கப் பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளம் கொடுக்கிறவர் யாராவது இருந்தால் நாங்கள் தினமும் உட்காரத் தயார். ஆனால் பெரிய விமானமே 75 யூரோவுக்குக் கிடைத்திருந்தால் பொவேயின் பக்கமே போயிருக்கமாட்டோம். பஸ்ஸையும் பெட்டியையும் கூட்டாமல் விலையை ஒப்பிடுவது வீண்.

இந்தக் கம்பெனிகளிடம் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இன்னும் உண்டு. இலவசமாகக் கொண்டுபோகும் பை ஆசனத்தின் கீழே அடங்க வேண்டும். வாசலில் ஓர் அளவுக்கூண்டு வைத்திருப்பார்கள். அதில் பை இறங்காவிட்டால் வாங்கும் அபராதம் டிக்கட்டைவிட அதிகமாக இருக்கும். வீட்டிலேயே இணையத்தின் மூலம் வருகையைப் பதிவு செய்துகொள்ளாமல் விமான நிலையத்துக்கு வந்து செய்தால் தலைக்கு 50 யூரோவுக்கு மேல் தண்டம் வாங்கும் கம்பெனியும் இருக்கிறது. நம் போன்ற இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள், இணையத்தில் பதிவு செய்துவிட்டாலும், முன்னதாக மேஜைக்குப் போய் விஸாவைக் காட்ட வேண்டும் என்று சில கம்பெனிகள் வைத்திருக்கின்றன. நீள வரிசையில் நின்று வாசல் வரையில் வந்த பிறகு இதைக் கேள்விப்பட்டு, பெட்டியும் கையுமாகத் திரும்ப ஓடிய இரண்டு மாணவர்களைப் பொவேயில் கண்டோம். நல்ல வேளையாக இளங்கால்கள். திரும்பி வந்து சேர்ந்துவிட்டார்கள்.

கால்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அண்ணியாருக்கு வயது 62. முழங்கால் வலி. இந்த யாத்திரையை இன்னும் ஒரு வருஷம் ஒத்திப்போட்டால் அவர் வரமுடியாது என்பதனாலேயே நாங்கள் அவசரப்பட்டோம். 2006-இல் ஐரோப்பியர்கள் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். நடக்க இயலாதவர்களுக்கும் வயோதிகர்களுக்கும் விமான நிலையத்தில் உதவி செய்ய வேண்டும். அதற்குக் காசு வாங்கக் கூடாது. 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவித்தால் போதும். 20 யூரோ டிக்கட்டுக்கும் இது பொருந்தும். இதை நாங்கள் எடுத்துச் சொன்னபோது தமையனாருக்கு மனம் வரவில்லை. "சக்கர நாற்காலியா? நாம் என்ன ஆஸ்பத்திரிக்கா போகிறோம்? நாலு பேர் பார்த்தால்?" என்றார். அண்ணியார் நிதானமாகச் சொன்னார்: "இங்கே என்னைத் தெரிந்த நாலு பேர் நீங்கள் மூவரும் நானுந்தான். நடந்து போய் ஆறு நாள் படுத்துக்கொள்வதைவிட, உட்கார்ந்து போய் ஆறு ஊர் பார்க்கலாம்." பொவேயில் ஓர் இளைஞர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து விமானத்தின் கதவு வரையில் கொண்டுபோய்விட்டு, பணம் கொடுக்கப்போன தமையனாரிடம் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் போய்விட்டார். தமையனார் அந்த நாற்காலியைப் பற்றி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. புடாபெஸ்டில் இறங்கியதும் நாற்காலி வந்திருக்கிறதா என்று முதலில் எட்டிப் பார்த்தவர் அவர்தான்.

பாரிஸுக்குத் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தோம். இது தற்செயல் அன்று. பாரிஸில் நவிகோ என்று ஒரு வாரச் சீட்டு உண்டு. 2025-இல் அதன் விலை 31 யூரோ 60 சென்ட். பாதாள ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் போகலாம். வெர்ஸேல் அரண்மனைக்குப் போகலாம். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ரயிலுக்கு மட்டுமே அந்த வருஷம் தனியாக 13 யூரோவாக இருந்தது. அதுவும் இதில் அடக்கம். ஆனால் இந்தச் சீட்டு எந்த நாளில் வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைக்குந்தான் செல்லும். வியாழக்கிழமை வந்து வாங்குகிறவன் மூன்று நாளைத் தூக்கிக் கொடுக்கிறான். பாரிஸின் பாதாள ரயில் 1900-இல் ஏற்பட்டது. ஆகையால் படிகளுக்குக் குறைவில்லை. 14-ஆம் எண் பாதை ஒன்றில்தான் எல்லா நிலையங்களிலும் மின் ஏணி அறைகள் இருக்கின்றன. அண்ணியாருக்காக நாங்கள் பெரும்பாலும் பஸ்ஸிலேயே போனோம். பாதாளத்தில் போயிருந்தால் இருட்டைத்தான் பார்த்திருப்போம். பஸ்ஸில் ஸேன் நதியையும் பாலங்களையும் டிக்கட் இல்லாத சினிமாப் போல் பார்த்தோம். வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே லா ஷப்பெல் என்ற பகுதியில் இலங்கைத் தமிழர்கள் கடைகள் வைத்திருக்கிறார்கள். ஐந்து நாள் ரொட்டிக்கு நடுவில் அங்கே இட்லி கிடைத்ததைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இங்கே இடமில்லை.

புடாபெஸ்டில் யூரோ இல்லை. போரிண்ட் என்ற நாணயம். கடையில் அட்டையை வைத்ததும் இயந்திரம் "உங்கள் ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?" என்று வெகு மரியாதையாகக் கேட்கும். மறுத்துவிட வேண்டும். அந்த மரியாதைக்கு நாணய மாற்றில் கணிசமான தரகு உண்டு. எப்பொழுதும் அந்தந்த ஊர் நாணயத்தில் கட்டுவதே லாபம். அங்கே 1896-இல் திறந்த பாதாள ரயில் ஒன்று இன்றும் ஓடுகிறது. ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் அதுவே மிகப் பழையது. தெருவிலிருந்து சில படிகள் இறங்கினாலே ரயில். 'பாரிஸ்காரன் இவனிடம் படித்திருக்கலாம்' என்பது அண்ணியாரின் அபிப்பிராயம்.

அங்கிருந்து வியன்னாவுக்கு ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரந்தான். இதற்கும் விமானம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்துக்குப் போவது, இரண்டு மணி நேரம் முன்னால் காத்திருப்பது, இறங்கி மறுபடி ஊருக்குள் வருவது எல்லாவற்றையும் கூட்டினால் நாலைந்து மணி நேரத்துக்குட்பட்ட தூரத்தில் ரயிலை விமானம் ஜெயிப்பதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 2023-இல், இரண்டரை மணிக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டு ஊர்களுக்கு விமானமே விடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ நகரங்களுக்குப் போன விமானங்கள் அப்படி நின்றுபோயின.

ரயில் டிக்கட்டில் ஒரு பேதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீண்ட தூர வேக ரயில்களின் கட்டணம் விமானத்தைப் போலவே நாளாக ஆக ஏறும். இரண்டு மூன்று மாதம் முன்னால் வாங்கினால் பாதிக்குங் கீழே. பக்கத்து ஊர்களுக்கு ஓடும் சாதாரண ரயில்களின் கட்டணம் மாறுவதில்லை. ஏறுகிற அன்று வாங்கினால் போதும். முதல் வகையை அவசரமாகவும் இரண்டாவது வகையை ஆற அமரவும் வாங்குவதே முறை. இத்தாலியில் சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கட் வாங்கினால், ஏறுமுன் மேடையிலுள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத டிக்கட், டிக்கட் இல்லாததற்குச் சமானம். வியன்னாவில் டிராமிலும் பாதாள ரயிலிலும் தடுப்பு வாசலே கிடையாது. யாரும் டிக்கட் கேட்பதில்லை. திடீரென்று ஒரு நாள் சாதாரண உடையில் பரிசோதகர் வந்து நிற்பார். அப்போது டிக்கட் இல்லாதவர் நூறு யூரோவுக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். எல்லைச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன என்று மேலே சொன்னோம் அல்லவா? ஹங்கேரியிலிருந்து வரும் ரயில்களை ஆஸ்திரியப் போலீஸார் 2015 முதல் அவ்வப்போது சோதிக்கிறார்கள். எங்கள் வண்டியிலும் ஏறினார்கள். பாஸ்போர்ட்டுகளைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுத் தூங்குவது அந்தப் பாதையில் உசிதமல்ல.

வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு இரவு ரயில். இந்த யாத்திரையில் நாங்கள் செய்த ஏற்பாடுகளுக்குள் எல்லோருக்கும் பிடித்தது இதுதான். படுக்கை அறைகள் நாலு பேருக்கும் ஆறு பேருக்கும் உண்டு. நாங்கள் நால்வராகையால் ஓர் அறை முழுவதும் எங்களுடையதாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு, புடாபெஸ்டில் வாங்கிய பழங்களையும் எங்களிடம் மிஞ்சியிருந்த பருப்புப் பொடியையும் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். ஒன்பது மணிக்குமேல் கிளம்பிய வண்டி காலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஹோட்டலுக்கு ஓர் இரவு வாடகை மிச்சம். பகலில் ஒரு நாளும் வீணாகவில்லை. வெனிஸ் தீவையும் கரையையும் இணைக்கும் ரயில் பாலம் 1846-இல் திறக்கப்பட்டது. மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளம். காலை வெயிலில் இருபுறமும் தண்ணீர் பளபளக்க வண்டி அதன்மேல் மெல்ல ஊர்ந்தபோது ராமேசுவரத்தில் பாம்பன் பாலம் தாண்டியது எங்களுக்கு ஞாபகம் வந்தது. அண்ணியார் கைகூப்பிக்கொண்டார். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

வெனிஸில் சக்கரம் வைத்த வாகனமே கிடையாது; பாலங்கள் நானூறுக்கு மேல்; ஒவ்வொன்றும் ஏறி இறங்கும் படிகள். தண்ணீர் பஸ்ஸில் ஒரு தடவைக்கு 9 யூரோ 50 சென்ட். 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. நாளில் மூன்று தடவை ஏறினாலே சீட்டு லாபம். முழங்கால் வலிக்காரர்கள் எட்டுத் தடவை ஏறுவார்கள். ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்களிடம் கூட்ட நாட்களில் இந்த நகரத்தார் 2024 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அது கிடையாது; ஆனால் தங்குகிறோம் என்று முன்கூட்டிப் பதிவு செய்து கையில் சான்று வைத்திருக்க வேண்டும். கரையிலுள்ள மெஸ்த்ரே ஊரில் அறை வாடகை மலிவு. ரயிலில் பத்து நிமிஷந்தான். ஆயினும் இந்த ஒரு ஊரில் சிக்கனம் வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, தீவிலேயே இரண்டு இரவுகள் தங்கினோம். பகற்கூட்டம் கரையேறிய பிறகு வெனிஸ் நகரத்தைக் காண்பதற்கு அந்த வாடகை தகும்.

அதன்பிறகு பிளாரன்ஸ் வழியாக ரோமாபுரி. இத்தாலியில் சர்க்கார் ரயிலுக்குப் போட்டியாக 2012-இல் இத்தாலோ என்ற தனியார் கம்பெனி அதே தண்டவாளத்தில் வேக ரயில் விடத் தொடங்கியது. அண்ணன் தம்பிக் கடைகள் எதிரெதிரே இருந்தால் வாடிக்கைக்காரனுக்கு என்ன லாபமோ அந்த லாபம் நமக்கு. இரண்டு பேர் விலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்க வேண்டும். ரோமாபுரியில் அந்த வருஷம் கத்தோலிக்கர்களின் ஜூபிலி ஆண்டு. மே 8-ந் தேதிதான் பதினான்காம் லியோ போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். உலகமே அங்கே கூடியிருந்தது. ஜனவரியிலேயே அறை பிடித்திருந்தபடியால் தப்பினோம். அன்று கேட்டிருந்தால் விலை எங்கள் சக்திக்கு மீறியது.

நாங்கள் போனபோது நுழையும் இடத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். 2025 அக்டோபர் 12 முதல், முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் முறை எல்லைகளில் தொடங்கியிருக்கிறது. முதல் தடவை போகிறவர்களுக்கு வரிசை நீளும். ஆகையால் இறங்கிய ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த ரயில் என்று யாரும் டிக்கட் வாங்க வேண்டாம். இன்னொன்று: ஐரோப்பிய மண்ணிலிருந்து கிளம்பும் எந்த விமானமும் சேருமிடத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், அது கம்பெனியின் காரணத்தால் நேர்ந்திருக்குமாயின், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை நஷ்டஈடு கேட்கலாம். 2004-இல் ஏற்பட்ட சட்டத்தின்படியும் பின்னால் வந்த கோர்ட்டுத் தீர்ப்பின்படியும் கிடைத்திருக்கும் உரிமை இது. மலிவு டிக்கட்டுக்கும் உண்டு. கேட்காதவர்களுக்குக் கொடுக்க யாரும் வீடு தேடி வரமாட்டார்கள்.

கடைசி நாள், ரோமாபுரியிலிருந்து பியுமிசினோ விமான நிலையத்துக்குப் போக வேண்டும். டெர்மினி நிலையத்திலிருந்து நிற்காமல் போகும் ரயில் 32 நிமிஷத்தில் போகிறது. தலைக்கு 14 யூரோ. வேறு நிலையங்களில் நின்று போகும் சாதாரண ரயில் 8 யூரோ. தனியாகப் போகும் வாலிபருக்கு 8 யூரோ ரயிலே சரி. ஆனால் பழைய கோட்டைச் சுவருக்குள்ளிருந்து விமான நிலையத்துக்கு டாக்ஸி வாடகையை நகரசபையார் ஒரே தொகையாக நிர்ணயித்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது 55 யூரோ, நாலு பேரும் பெட்டிகளும் உட்பட. வேக ரயிலில் நால்வருக்கு 56. தமையனார் நோட்டுப் புத்தகத்தை எடுத்து இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். டாக்ஸி வருவதற்குள் ஹோட்டலுக்கு எதிர்க்கடையில் காப்பி குடித்தோம். இத்தாலியில் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை, மேடையருகே நின்று குடித்தால் பாதி விலை. மூவர் நின்றுகொண்டு குடித்தோம். அண்ணியாருக்கு மட்டும் தமையனாரே நாற்காலியை இழுத்துப் போட்டு, வித்தியாசத்தையும் கொடுத்தார்.